உவர்மலை வீட்டுப் பத்திரமும் கோட்டை வாசல் மானும்

அன்புள்ள மகனுக்கு,

சுவாமி மலையும் அதன் கீழே கொந்தளிக்கும் கடலும் சாட்சியாக, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் சாட்சியாக, உலகத்தில் ஒருவரும் நம்பாத ஒரு கதையை உனக்குச் சொல்லப்போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். சத்தியத்தில் பாதி ஏற்கெனவே பலித்துவிட்டது. இந்த முதல் வரியை உன் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம் அந்தக் கிணறுகள், அதுகளையும் பொய்ச்சாட்சிக்கு இழுக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். இதை ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்பாமல் எல்லாரும் வாசிக்கப் பகிரங்கமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனிக் கடிதமாக எழுதினால் நீ ஒருவன்தான் இதை நம்பாமல் இருப்பாய். பகிரங்கமாக எழுதினால் ஊரே சேர்ந்து நம்பாமல் இருக்கும், உனக்கும் ஒரு துணையாகிவிடும்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலில் நம் சரித்திரத்தைச் சொல்லவேண்டும். உன் அப்பா, என் அண்ணன், போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது, அம்மா அதற்கு முன்பே இல்லை. அன்றுமுதல் நீ எனக்கும் சித்திக்கும் மகன். பதினேழு வயதில் நோர்வேக்குப் போனாய். இருபத்தைந்து வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. உன் அப்பா கட்டிய உவர்மலை வீடு பூட்டிக் கிடந்தது, திறப்பு என் இடுப்பில் கிடந்தது. நானோ இந்த நகரத்தில் முப்பது வருஷம் தபால் பகிர்ந்தவன். கடல் பெருகி வீதியை மூடிய நாளில் மீன்கள் வழிகாட்ட நீந்திப்போய் மணியோடர் கொடுத்தவன். அப்படிப்பட்டவனுக்குப் போன வருஷக் கடைசியில் நீ தொலைபேசி எடுத்துச் சொன்னாய்: "சித்தப்பா, கொழும்பில ஒருத்தர் வீட்டைக் கேக்கிறார், ஹொட்டேல் கட்டப்போறாராம். உங்கட பேருக்கு அற்றோணிப் பத்திரம் அனுப்பியிருக்கிறன். நீங்களே எனக்காகக் கையெழுத்து வைச்சு வித்துவிடுங்கோ. நான் வர ஏலாது." நான், "ஒருக்கா வந்து பாத்திட்டு வில்லு மகன்" என்றேன். நீ கேட்டாய்: "அங்க பாக்கிறதுக்கு என்ன இருக்கு, சித்தப்பா?"

உல்லாசப் பயணிகள் இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர்களை மூன்று மணித்தியாலத்துக்கு விடமாட்டேன். என் பாட்டனார் துறைமுகத்தில் தவறவிட்ட தேங்காய் இன்னும் அடிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவு ஆழம் என்று தொடங்குவேன். உன்னிடம் மட்டும் வாய் எழவில்லை. "ஓம் மகன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இனி அந்தக் கதை. பத்திரம் பதிவுத் தபாலில் வந்தது. அதைச் சொப்பிங் பையில் வைத்து, கூடவே ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தையும் போட்டு, சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு காணி உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுக்குப் புறப்பட்டேன். கோட்டை வாசலடியில் பிளேன்ரீ குடிக்க இறங்கினேன். மற்ற ஊர்களில் மான்கள் காட்டில் இருக்கும், நம் ஊரில் அவை கடை வாசலில் நின்று பாண் துண்டு கேட்கும் என்பது தெரிந்ததே. அன்று வந்த மானோ மான்களுக்கெல்லாம் சக்கரவர்த்தி. புள்ளி ஒவ்வொன்றும் அப்பளம் அளவு. கொம்பில் இரண்டு காகக்கூடு, மூன்றாவதற்கு இடம் ஒதுக்கியிருந்தது. அது பைக்குள் தலையை விட்டு, வாழைப்பழத்தை மரியாதையாக ஒதுக்கிவைத்து, பத்திரத்தை வெளியே எடுத்து, முதல் பக்கத்தை வாசித்தது. "விற்பதற்கு" என்ற சொல் வந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மென்றது. நான் பாய்ந்து கொம்பைப் பிடித்தேன். அது என்னைத் தூக்கிக்கொண்டு கோட்டையை மூன்றுமுறை சுற்றியது. ஒவ்வொரு சுற்றிலும் தேநீர்க்கடைக்காரர், "ஐயா, தேத்தண்ணிக் கிளாசைத் தந்திட்டுப் போங்கோ!" என்று கத்தினார். மூன்றாம் சுற்றில் கொடுத்துவிட்டேன்.

இதை அன்றே உனக்குத் தொலைபேசியில் சொன்னேன். நீ, "சித்தப்பா, எனக்கு நாப்பத்திரண்டு வயசு" என்றாய். "அது மானுக்குத் தெரியாது மகன்" என்றேன். "சரி, இன்னொண்டு எழுதி அனுப்புறன்." "ஏலாது. முதல் பத்திரம் அழிஞ்சால் எழுதின ஆள் நேரில வந்து நொத்தாரிசுக்கு முன்னால சத்தியம் பண்ணவேணும். சட்டம்." அப்படி ஒரு சட்டம் இலங்கையில் இல்லை. அலுமாரியில் சாய்ந்து நின்றபடி அந்த நிமிஷத்தில் நானே இயற்றி, நானே நிறைவேற்றினேன்.

நீ இரண்டு கிழமை விடுமுறையோடு வந்து இறங்கினாய். படலையைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "நொத்தாரிசு எங்க?" அவர் வவுனியாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். அந்த மனிதர் அப்போது அடுத்த தெருவில் கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அவருக்கும் இக்கடிதத்தின் மூலம் என் மன்னிப்பு.

முதல் இரண்டு நாளும் நான் உனக்கு ஊர் காட்டிய விதத்தை நினைத்தால் இப்போது எனக்கே சிரிப்பு. மாறாதவற்றை மட்டும் காட்டவேண்டும் என்று ஒரு பெருந்திட்டம் வைத்திருந்தேன். மலை, கடல், துறைமுகம், மறுபடியும் மலை. மாறியவை கண்ணில் படாமல் இருக்கச் சந்துகளால் உன்னை இழுத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு சந்தியில் நீ நின்றுவிட்டாய். "இஞ்ச முந்தி ஒரு வேப்பமரமெல்லோ?" "முந்தியும் இப்பிடித்தான்" என்றேன், கைத்தொலைபேசி விற்கும் மூன்றுமாடிக் கட்டடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு. "மூண்டு மாடியும் முந்தி இருந்ததோ?" "வேப்பமரத்துக்குப் பின்னால மறைஞ்சிருந்தது." நீ சிரிக்கவில்லை. சொந்த ஊரின் வழியைத் தொலைபேசி வரைபடத்தில் தேடிக்கொண்டு நடந்தாய். ஊர் மாறிவிட்டது என்று கண்டால் விற்பதற்கு உனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று நான் நினைத்தேன். நீ பயத்தோடு விட்டுப்போன ஊர் உன் மனதில் அப்படியே மாறாமல் இருந்தால்தான் நீ விற்பாய் என்பது இந்த மண்டைக்குள் ஏறவில்லை.

மூன்றாம் நாள் சித்தி சொன்னாள்: "நண்டு வேணும். குச்சவெளிக்குப் போட்டு வாங்கோ ரெண்டு பேரும்." "ஆட்டோவில போறம்" என்றேன். "பஸ்ஸில." "வெயில்..." "பஸ்ஸில எண்டு சொன்னனான்." நான் எதை ஒளித்துக்கொண்டு திரிகிறேன் என்பது உன் சித்திக்கு எப்போதும் தெரியும். எங்கே ஒளித்தேன் என்பதுதான் சில வேளை தெரியாது.

வடக்கே போகும் அந்தக் கடற்கரை வீதியில் ஒரு வளைவு உண்டு. வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் அங்கே இராணுவச் சோதனைச் சாவடி இருந்தது. பஸ் வளைவுக்கு முன்னால் நிற்கும். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி வரிசையாக நடந்து போகவேண்டும். பஸ் வெறுமையாக முன்னால் போய்க் காத்து நிற்கும். அந்த வளைவை நான் மறந்துபோனேன் என்று சொன்னால், மானை நம்பினாலும் அதை நீ நம்பமாட்டாய். அது வருவதற்கு இரண்டு தரிப்பிடம் முன்னாலேயே நான் திமிங்கிலக் கதையைத் தொடங்கிவிட்டேன். "வாலால ஒரு அடி அடிச்சுது மகன், துறைமுகத்தில நிண்ட மூண்டு கப்பலும் பறந்துபோய் நிலாவெளியில..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ எழுந்து நின்றாய். உன் கை சட்டைப் பைக்குள் போய் வந்தது. நோர்வேக் கடவுச்சீட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸில், என் முழங்காலைக் கடந்து வாசலை நோக்கி நடந்தாய். பஸ் வேகம்கூடக் குறைக்கவில்லை.

கொண்டக்டர் உன்னைப் பார்த்தான். "அண்ணே, இஞ்ச ஹோல்ட் இல்லையே. இறங்கப்போறீங்களோ?"

"இறங்கி நடக்கிறேல்லையா?" என்றாய்.

"ஏன் நடக்கிறது? பஸ் ஓடுதுதானே!"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். முன் இருக்கையில் மீன் விற்று வெறுமையான பேசின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பினாள். அவள் சிரிக்கவில்லை. "இருங்கோ தம்பி. இப்ப இறங்கத் தேவையில்லை. சாவடியை எடுத்த பிறகு நானும் இந்த இடத்தில ஒரு வருஷமா எழும்பி எழும்பி இருந்தனான். என்ர மனுசன் ஏசி ஏசித்தான் நிப்பாட்டினது." பிறகு கொண்டக்டரிடம், "நீ அப்ப பால்குடி. பேசாமல் ரிக்கற்றைக் கிழி" என்றாள்.

நீ வந்து இருந்தாய். கடவுச்சீட்டு இன்னும் கையில் இருந்தது. வளைவு எப்போதோ பின்னால் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இளநீர் விற்கிற ஒரு கொட்டில் மட்டும் நின்றது.

மகன், அதே வளைவில் உனக்குப் பதினேழு வயதில் நடந்ததை நான் எத்தனை கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்! உன்னை மட்டும் ஒரு பக்கம் நிறுத்திவைத்தார்கள். மற்றவர்கள் ஏறினோம். கொஞ்சம் பார்த்துவிட்டு, எல்லாரையும் எவ்வளவு நேரம் காக்கவைப்பது என்று சாரதி பஸ்ஸை எடுத்துவிட்டார். உடனே நான் ஜன்னலால் குதித்தேன், உருண்டேன், எழுந்து சிங்கம்போல நடந்துபோய் உன் அருகில் நின்றேன் என்பதுதான் சபைகளில் நான் சொல்லும் கதை. நடந்தது வேறு. நான் இருக்கையில் இருந்தேன். முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். "நிப்பாட்டுங்கோ" என்று ஒரு சொல் சொல்லவேண்டும், இந்த வாயால் அது ஏலவில்லை. அடுத்த தரிப்பிடத்தில் மற்றவர்கள் இறங்கும்போது நானும் இறங்கி, திரும்பி நடந்து வந்தேன். பின்னேரம் உன்னை விட்டார்கள். இரண்டு மாதத்தில் நீ நாட்டைவிட்டே போய்விட்டாய். பஸ் புறப்பட்டபோது நீ நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்தாயா என்று கேட்கப் பயந்துதான் இத்தனை வருஷமும் உன்னோடு தொலைபேசியில் பகிடி மட்டும் விட்டேன்.

அன்று பஸ்ஸில் சொன்னேன். "மகன், அண்டைக்கு நான் ஜன்னலால குதிக்கேல்லை."

"தெரியும் சித்தப்பா."

"என்னெண்டு தெரியும்?"

"பஸ் போறதைப் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். அதோட, அந்த ஜன்னலுக்குள்ளால உங்கட வண்டி வயிறு போகாது."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நீ வெளியே பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாய். "பிறகு ரோட்டில கனதூரத்தில ஒரு ஆள் செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு வாறது தெரிஞ்சுது. நடையிலயே நீங்கள் எண்டு கண்டிட்டன். அதுக்குப் பிறகு எனக்குப் பயம் இல்லை. வெயில்தான் சுட்டுது."

செருப்பு வார் அறுந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. அந்த நேரம் என் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரத்தைத் துறைமுகத்தில் இறக்கியிருந்தால் அங்குள்ள பாரந்தூக்கிகள் எல்லாம் வரிசையாக முறிந்து விழுந்திருக்கும். மூன்று தரிப்பிடம் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அது பெரிய தூரம்.

நீ ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாய். வலது பக்கம் பனைகளுக்கு ஊடாகக் கடல் வந்து வந்து மறைந்தது. இடது பக்கம் களப்பு. முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், அவரைச் சுற்றி வெள்ளைப் பறவைகள், அவர் தங்கள் ஆள்தான் என்பதுபோல அசையாமல் நின்றன. அதற்கப்பால் உப்பளத்துப் பாத்திகள், ஒவ்வொன்றிலும் வானத்தின் வேறு வேறு துண்டு. கடலும் களப்பும் இரண்டு பக்கமும் கிட்ட வந்து, நடுவில் வீதி ஒரு நூல்போல ஓடியது. நீ கேட்டாய்: "சித்தப்பா, இதெல்லாம் முந்தியும் இஞ்ச இருந்ததோ?"

இருபத்தைந்து வருஷத்தில் பொய் தேவைப்படாத முதல் கேள்வி. "ஓம் மகன். இருந்தது. நாங்கள்தான் குனிஞ்சுகொண்டு போனனாங்கள்."

நண்டு வாங்க மறந்து திரும்பினோம். சித்தி கருவாட்டுக் குழம்பு முதலிலேயே வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் காட்டியது நீ, பின்னால் நடந்தது நான். சம்பூருக்குப் போகவேண்டும் என்றாய். அந்தக் காலத்தில் துறைக்குத் துறை படகுக்கும் 'பாதை' என்ற மிதவைக்கும் காத்து நின்ற வழியில் இப்போது பாலத்துக்குப் பாலம் பஸ் பறக்கிறது. முதல் நாள் கிண்ணியாப் பாலத்தோடு இறங்கி, கச்சான் கொறித்துக்கொண்டு, குறிஞ்சாக்கேணிப் பக்கம் தண்ணீர் பொன்னிறமாவதை மற்றச் சனங்களோடு சனமாக நின்று பார்த்தாய். மறுநாள், சண்டையில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்திருக்கும் சம்பூரில், புது வீடு ஒன்றின் அருகே பழைய வீட்டின் வாசற்படி மட்டும் புல்லுக்குள் கிடந்தது. தயிர்ச் சட்டி விற்ற மனிதரிடம், "திரும்பி வந்து இருக்கிறது லேசோ, அண்ணை?" என்று கேட்டாய். அவர், "புதுசா வாங்கின எருமை ஒரு நாளில பழகிட்டுது. எங்களுக்குத்தான் ரெண்டு வருஷம் எடுத்தது" என்றார். நீ வரும் வழியெல்லாம் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய்.

நான் ஒளித்துவைத்த புதுமைகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாய். பொழுதுபட்ட பிறகும் பெண் பிள்ளைகள் ஸ்கூட்டியில் சிரித்துக்கொண்டு போவதைச் சந்தியில் நின்று பார்த்தாய். நீ போன காலத்தில் அந்த நேரத்தில் நாய்கூட வீதிக்கு வராது. நான் நாள்தோறும் திட்டுகிற அந்தக் கண்ணாடிக் கோப்பிக் கடைக்குள் என்னை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனாய். அங்கே வேலைசெய்யும் பிள்ளை என்னைக் கண்டதும், "ஐயா, வழமையா குடிக்கிறதோ? ஐஸ் கூடவோ?" என்றது. நீ என்னைப் பார்த்த பார்வை சாகும்வரை மறக்காது. உப்புவெளியில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையை ஒரு விடுதி மதில் கட்டி மறித்திருப்பதைக் கண்டு கோபப்பட்டாய். கோட்டை வாசலில் மான் ஒன்று பொலித்தீன் பையை மெல்வதைக் கண்டு, வாயிலிருந்து அதை இழுத்து எடுத்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனாய். உனக்குச் சொல்லவில்லை, எனக்கு அந்தக் கோபம் தேனாய் இனித்தது. அடுத்தவன் ஊருக்காக மனிதன் இவ்வளவு கோபப்படமாட்டான்.

கடைசிப் பின்னேரம் உவர்மலை வீட்டு ஜன்னல்களைத் திறந்தோம். இருபத்தைந்து வருஷத் தூசியில் நான் ஒன்பதினாயிரம் முறை தும்மினேன். நீ விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாய். கீழே உள்துறைமுகம் குளம்போலக் கிடந்தது. அக்கரை மலைகள் நீலமாகிக் கறுத்தன. ஒவ்வொரு விளக்காக ஏற ஏற, "அது எந்த இடம்? அது எந்த இடம்?" என்று கேட்டாய். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னேன். பிறகு நீ சொன்னாய்: "இப்ப விக்கேல்லை சித்தப்பா. பள்ளிக்கூட லீவுக்குப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன். பிறகு பாப்பம்." நான் எழுந்து திரும்பி நின்று மறுபடி தும்மினேன். அது தும்மல் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிவரும்போது என்னை வழிகாட்டியாக வைக்காதே. ஊரின் அழகை நான் பெருப்பித்தால் அது சின்னதாகிவிடுகிறது. அவர்களை வலது பக்க ஜன்னலில் ஒருவர், இடது பக்க ஜன்னலில் ஒருவர் என்று இருத்து. மாறினதையும் காட்டு, மாறாததையும் காட்டு, மதில் மறித்த ஒழுங்கையையும் காட்டு. அந்த வளைவில் நீ எழுந்து நின்ற கதையையும் சொல்லு. நான் குதிக்காத கதையையும் சொல்லலாம், அனுமதி தருகிறேன்.

இனிக் கடைசி விஷயம். முப்பது வருஷம் தபால் பகிர்ந்ததில் ஒருவருக்குப் போகவேண்டிய கடதாசியை நான் ஒரு நாளும் பிடித்துவைத்ததில்லை. அது பொய் இல்லை, நாய்க்கடித் தழும்புகள் சாட்சி. பிடித்துவைத்தது ஒன்றே ஒன்று. உன் பத்திரம் சித்தியின் கூறைச்சேலைக்குக் கீழே அலுமாரியில்தான் இருந்தது. நேற்று அதைப் பதிவுத் தபாலில் உனக்கு அனுப்பிவிட்டேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. நாளைக்கே நீ மனம் மாறினாலும் அது செல்லும். வீடு உன்னுடையது. பார்த்துவிட்டு விற்றாலும் எனக்கு மனவருத்தம் இல்லை, பார்க்காமல் விற்பதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருந்தது. கோட்டையை மூன்று சுற்றுச் சுற்றியதும் பொய், காகக்கூடும் பொய், சட்டமும் வவுனியாவும் பொய். வந்தது கொம்பே இல்லாத ஒரு சின்னப் பெண் மான். "ஏய்" என்றதும் ஓடிவிட்டது, வாழைப்பழத்தைத்தான் கொண்டு போனது. ஆனால் பத்திரம் வந்ததும் அதன் வலது கீழ் மூலையைத் தடவிப் பார். இரண்டு விரல் அகலத்துக்கு இல்லை, ஓரத்தில் பல் பதிந்திருக்கும். அது மட்டும் உண்மை.

உன் சித்தப்பா